ஐசியூல அம்மாவுக்கு சி டிஃப் வந்துருச்சு, ஒரே மருந்த ஊசியிலயும் குடுத்து ட்யூப்லயும் குடுப்பாங்களா?

இரவுக்குருவி:
வணக்கம். அம்மா 12 நாளா ஐசியூல இருக்காங்க, நிமோனியா, முந்தாநாள்தான் வென்டிலேட்டர எடுத்தாங்க, அப்பாடான்னு உக்காரதுக்குள்ள வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு, ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ, தண்ணியா. மோஷன் டெஸ்ட் பண்ணிட்டு சி டிஃப்னு சொல்றாங்க, குடல்ல வர்ற ஒரு கிருமியாம். எனக்கு புரியாதது என்னன்னா, வான்கோமைசின்ங்கற ஆன்டிபயாடிக் ஏற்கனவே ட்ரிப்ஸ்ல ஏறிட்டுதான் இருக்கு, இப்ப அதே வான்கோமைசின மூக்கு ட்யூப் வழியாவும் விடறாங்க. டபுள் டோஸ் ஆகாதா? அந்த மருந்து உள்ள இருக்கும்போதே இந்த கிருமி எப்படி வந்துச்சு? நான் உள்ள போறப்பல்லாம் சானிடைசர் போட்டுட்டுதான் போனேன், இருந்தும் என் கையாலதான் வந்துச்சோன்னு ராத்திரி தூக்கமே இல்ல.

மாத்திரைடப்பா:
டபுள் டோஸ் இல்ல பயப்படாதீங்க. வான்கோமைசின ரத்தத்துல ஏத்துனா கிட்னி வழியா வெளிய போயிடும், குடலுக்குள்ள கிட்டத்தட்ட எட்டவே எட்டாது. வாய் வழியாவோ மூக்கு ட்யூப் வழியாவோ குடுத்தா அதுக்கு நேர் எதிர், ரத்தத்துல பெருசா சேராம குடல்லயே தங்கி வேலை பாக்கும். பேரு ஒன்னுதான், போற ரோடு வேற. வழக்கமா 125 மில்லிகிராம், தினம் 4 வேளை, 10 நாள். நிமோனியாவுக்கு போட்ட ஆன்டிபயாடிக் எல்லாம் சேந்து குடல்ல இருந்த நல்ல கிருமிங்களையும் காலி பண்ணியிருக்கும், அந்த கேப்புல இது துண்டு போட்டு இடம் புடிச்சிருச்சு. மத்த ஆன்டிபயாடிக்ல எத நிறுத்த முடியும்னு டாக்டர்கிட்ட கேளுங்க, சில சமயம் நிறுத்த முடியாது, அது அவங்க முடிவு. பேதிய நிறுத்தற மாத்திரைய மட்டும் நீங்களா குடுத்துடாதீங்க.

நைட்ஷிப்ட்அக்கா:
தம்பியோ தங்கச்சியோ தெரியல, முதல்ல உங்கள நீங்க திட்டிக்கறத விடுங்க. எங்கிருந்து வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது, சில பேருக்கு குடல்ல சும்மா இருந்துட்டே இருக்கும். ஆனா சானிடைசர் விஷயம் முக்கியம். இந்த கிருமி ஸ்போர்னு ஒரு கெட்டி ஓட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும், ஆல்கஹால் அத ஒன்னும் பண்ணாது, கட்டில் கம்பி, பிபி பட்டை, பெட்பேன்னு மாசக்கணக்குல கூட ஒட்டிட்டு கெடக்கும். சோப்பு போட்டு ஓடற தண்ணில தேச்சு கழுவுனாதான் கைய விட்டு போகும். க்ளவுஸ் போட்டிருந்தாலும் கழட்டுனதும் கழுவணும், நெறைய பேரு இங்கதான் கோட்டை விடறாங்க, ஸ்டாஃப் உட்பட சொல்றேன். ரூம துடைக்க சாதா லோஷன் பத்தாது, ப்ளீச்சிங் வகைதான் வேணும், போடறாங்களான்னு தைரியமா கேளுங்க.

இன்னொன்னு. பேதி திடீர்னு நின்னுட்டு வயிறு கல்லு மாதிரி உப்பி காய்ச்சலும் ஏறுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்படாதீங்க, குடல் அசையாம நின்னு போயிருக்கலாம், உடனே கூப்பிடுங்க.

பழையபேஷன்ட்மகன்:
எங்கப்பாவுக்கு இதே கதைதான். 10 நாள் மருந்து முடிஞ்சு வீட்டுக்கு வந்து மூணாவது வாரம் திரும்ப ஆரம்பிச்சுது, நாங்க ஏதோ சாப்பாடு ஒத்துக்கலன்னு நாலு நாள் விட்டுட்டோம், அது தப்பு. சுமாரா அஞ்சுல ஒருத்தருக்கு திரும்ப வருமாம். அவருக்கு ஃபிடாக்ஸோமைசின்னு வேற ஒரு ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, நின்னுச்சு. மறுபடி மறுபடி வர்றவங்களுக்கு ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்துல இருந்து எடுத்த கிருமிங்கள குடல்ல வைக்கற ட்ரீட்மென்ட்டே இருக்கு, கேக்க ஒரு மாதிரி இருந்தாலும் நெஜம். அப்புறம் பேதி நின்னப்பறம் போயிடுச்சான்னு பாக்க திரும்ப டெஸ்ட் எடுக்க சொல்லி நச்சரிக்காதீங்க, நல்லா ஆனவங்களுக்கே வாரக்கணக்குல பாசிட்டிவ் காட்டும், நாங்க எடுத்துட்டு சும்மா பீதியானதுதான் மிச்சம்.

இரவுக்குருவி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டாக்டர்கிட்ட கேட்டேன், ரெண்டு ஆன்டிபயாடிக்ல ஒன்ன இன்னைக்கோட நிறுத்தறாங்க. காலைலருந்து மூணு தடவதான் போச்சு, வயிறு தொட்டா மெத்துனுதான் இருக்கு. அக்கா, போன் என்ன பண்றது? அம்மாவுக்கு பேரன் போட்டோ காட்டறதுக்காக தினம் அந்த பெட்டு மேலயேதான் வச்சிருந்தேன்.

நைட்ஷிப்ட்அக்கா:
போன ஒரு ஜிப் கவர்ல போட்டு உள்ள கொண்டு போங்க, கவர்க்கு மேலயே டச் வேலை செய்யும். வெளிய வரும்போது கவர அங்கயே குப்பைல போட்டுட்டு கைய கழுவுங்க. போட்டோ காட்டறத நிறுத்தாதீங்க.