மறுமொழி: டயருக்கு 'இழுவை இழப்பு' சரிதானா?

அனைவருக்கும் வணக்கம்.

கார்ப் பழுதறியும் கையேட்டுக்கான நம் சொற்பட்டியலில், டயர் திடீரென்று தரையில் பிடிக்காமல் போவதற்கு 'இழுவை இழப்பு' என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிடலாம் என்கிறேன். காரணம் இலக்கணம் அல்ல, என் மைத்துனர்.

ஐப்பசி மழையில் திண்டிவனம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். தேங்கிய நீரில் முன்சக்கரங்கள் ஏறியதும் ஸ்டியரிங் பஞ்சாக லேசாகிவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு விநாடிதான், அப்புறம் சரியாகிவிட்டது. ஓரங்கட்டி அவருக்கு ஃபோன் போட்டு, பட்டியல் வாய்க்குப் பழகிய தோஷத்தில், "மாப்ளே, வண்டிக்குத் திடீர்னு இழுவை போயிடுச்சு" என்றேன். "டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கும் மாமா, மாத்துங்க" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் வண்டி 'இழுக்கவில்லை' என்றால் எஞ்சினில் தெம்பு இல்லை என்றுதான் பொருள். ரயில் எஞ்சின் பெட்டிகளை இழுக்கிறது, அங்கே 'மின் இழுவை' கச்சிதமான சொல். ஆங்கிலம் இரண்டுக்கும் traction என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது என்பதற்காக நாமும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. பழுதறியும் கையேட்டில் ஒரு சொல் வாசகரைத் தவறான பாகத்துக்கு அனுப்பினால் அந்தச் சொல்லே ஒரு பழுது.

போன வாரம் ஒரு நண்பர் 'பிடிப்பு' என்று எழுதியிருந்தார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் 'பிரேக் பிடிக்கவில்லை' என்ற பேச்சு குறுக்கே நிற்கிறது. ஈரச் சாலையில் சக்கரம் நின்றுபோய் வண்டி மட்டும் சறுக்கிக்கொண்டு போகும்போது ஓட்டுநர் சொல்வதும் இதையேதான். உண்மையில் பிரேக் நன்றாகவே பிடித்திருக்கிறது, தரைதான் டயரைப் பிடிக்கவில்லை. இது புரியாமல் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தால் கூலிதான் வீண்.

ஆகவே என் முன்மொழிவு: தரைப்பிடி. எதற்கும் எதற்கும் இடையிலான பிடி என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. தரைப்பிடி குறைந்தது, விட்டது, திரும்பியது என்று வினைகளோடும் சண்டையில்லாமல் சேர்கிறது. கைப்பிடி போல இதுவும் ஏதோ குமிழ் என்று யாராவது நினைப்பார்களோ என்று சின்னச் சந்தேகம் உண்டு. இரண்டு முறை படித்தால் போய்விடும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது இதைவிட முக்கியம். பட்டியலில் சாலை, டயர், கிளட்ச் எல்லாவற்றுக்கும் 'நழுவல்' என்றே போட்டிருக்கிறோம். தமிழில் மூன்று வினைகள் தனித்தனியாக இருக்கின்றன. சாலை வழுக்கும், வண்டி சறுக்கும், கையில் பிடித்தது நழுவும். வழுக்குமரத்தில் ஏறுகிறவன் சறுக்கி விழுகிறான், வழுக்குவது மரம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: சாலையின் குணம் *வழுக்கு*, டயரின் அசைவு *சறுக்கல்*, கிளட்ச் தட்டு பிடிவிடுவது *நழுவல்*.

இது வெறும் அழகுக்காக அல்ல. கிளட்ச் நழுவினால் எஞ்சின் சுற்று ஏறும், வேகமானியின் முள் அதற்கேற்ப ஏறாது. எஞ்சின் சுழற்றும் சக்கரம் தரைப்பிடி விட்டுச் சுற்றினால் பெரும்பாலும் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறும், வண்டிதான் நகராது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் இந்த வேறுபாட்டைக் கையேட்டில் எப்படி எழுதுவது? டேஷ்போர்டில் வளைந்த கோடுகளோடு ஒரு கார் படம் இருக்குமே, அது சிமிட்டினால் சறுக்கலை அடக்க மின்னணு வேலை செய்கிறது என்று பொருள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் அந்த அமைப்பிலேயே கோளாறு, அல்லது யாரோ அதை அணைத்துவைத்திருக்கிறார்கள்.

என் வண்டிக்கு வருகிறேன். டயர் மொட்டை இல்லை, அதன் வரிகளுக்கு இடையிலான பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு மேலேயே ஆழமாக இருந்தது. சட்டம் கேட்பது 1.6தான். ஆனால் பக்கச் சுவரில் நான்கு இலக்கம்: 3215. அதாவது 2015ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. ரப்பர் நகத்தால் அழுத்தினாலும் அசையாத அளவுக்கு இறுகியிருந்தது. போதாக்குறைக்குக் காற்று சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு.

காற்று குறைந்தால் நீரில் ஏன் ஆபத்து என்பதற்கு நாசாவில் 1960களில் விமான டயர்களை வைத்துக் கண்ட ஒரு கணக்கு இருக்கிறது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால், நீர் டயரைத் தரையிலிருந்து முழுதாகத் தூக்கிவிடும் வேகம் மைலில் வரும். 36 பவுண்டு என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர், 25 என்றால் 83. கார் டயருக்கு இது தோராயம்தான், பள்ளத்தின் ஆழமும் நீரின் ஆழமும் கணக்கை மாற்றும். நான் 85ல் வந்துகொண்டிருந்தேன்.

இதற்குப் பட்டியலில் இருக்கும் 'நீர்ச்சறுக்கு' கடற்கரை விளையாட்டை நினைவூட்டுகிறது. தவிர, இங்கே டயர் முதலில் சறுக்குவதில்லை. முன்னால் ஆப்பு போலச் சேரும் நீரின் மேல் ஏறி மிதக்கிறது, சறுக்கல் அதற்கு அப்புறம்தான். நீர்மிதப்பு என்று வைக்கலாமா? ஸ்டியரிங் லேசாவதற்கும் அது பொருந்துகிறது.

இன்னும் ஒன்றுக்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை. நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் தூறலில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து ஒரு மெல்லிய பசையாகுமே, அந்தப் படலம். நல்ல மழை பெய்து கழுவிவிட்டால் அது போய்விடும். 'முதல்மழை வழுக்கு' என்று குறித்துவைத்திருக்கிறேன், நீளமாக இருக்கிறது. இலங்கை நண்பர்கள் வாகனக்காரர்களிடம் வழங்கும் சொல் ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள்.