எடை குறைஞ்ச மேக்னம் ரைஃபிளோட வேட்டைக்குப் போனவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

ரொம்ப நாளா இத பத்தி பேசணும்னு நெனச்சிட்டே இருந்தேன். மூணு கிலோவுக்குக் கீழயே மேக்னம் ரைஃபிள் (சாதாரண தோட்டாவ விட மருந்து அதிகமா, வேகம் அதிகமா இருக்குற தோட்டாவ சுடுறது) இப்ப நெறைய வந்துடுச்சு, கார்பன் ஃபைபர் ஸ்டாக் (தோள்ல வைக்கிற கட்டை), தோட்டாவ உள்ள தள்ளிப் பூட்டுற டைட்டானியம் ஆக்‌ஷன், பேரல் மேலயும் கார்பன் சுத்தினதுன்னு, கையில எடுத்துப் பாத்தாலே ஆச வந்துடும். நானும் பல வருஷமா லேசான .300 வின்செஸ்டர் மேக்னம் ஒண்ணத்தான் தோள்ல மாட்டிட்டு மலை ஏறுறேன், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஏறி எறங்குறவனுக்கு ஒரு கிலோ குறைஞ்சா என்ன சுகம்னு நல்லாவே தெரியும். ஆனா அந்த ஒரு கிலோவுக்கு சுடும்போது தோள் பதில் சொல்லணும், வாங்குறதுக்கு முன்னாடி இத விவரமா எடுத்துச் சொல்றவங்க கம்மி.

கணக்கா சொல்றேன். 180 கிரெய்ன் (கிட்டத்தட்ட 11.7 கிராம்) குண்டு செகண்டுக்கு 900 மீட்டருக்கு மேல பறக்குது, கூடவே அவ்ளோ மருந்தும் எரிஞ்சு வெளிய வருது, அதுக்கு ஈடா ரைஃபிள் பின்னாடி வந்தே ஆகணும். ஸ்கோப்போட சேத்து 4 கிலோ இருந்தா உதை கிட்டத்தட்ட 38 ஜூல், அதே தோட்டாவ 3 கிலோ ரைஃபிள்ல போட்டா கிட்டத்தட்ட 50 ஜூல். மேக்னம் இல்லாத சாதாரண .308 தோட்டா போடுற மூணரை கிலோ ரைஃபிள்ல இது 25 ஜூல் பக்கம்தான் இருக்கும், அப்ப ரெண்டு மடங்குன்னு வச்சுக்கங்க. இதுல வேகம் வேற இருக்கு, கனமான ரைஃபிள் தோள தள்ளும், லேசானது வந்து குத்தும், ஜூல் கணக்க விட உடம்புக்கு ஞாபகம் இருக்குறது அந்தக் குத்துதான்.

என் கூட வர்ற ஒருத்தர் அருமையா சுடுவார், 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம், ரொம்ப லேசான மாடல் ஒண்ணு வாங்கினார், வாங்கி கொஞ்ச நாள்லயே குறி கீழ விழ ஆரம்பிச்சிடுச்சு. ஸ்கோப்ப மாத்தினார், தோட்டாவ மாத்தினார், ஒண்ணும் சரியாகல. ஒரு நாள் ரேஞ்சுல அவருக்குத் தெரியாம மருந்து இல்லாத டம்மி தோட்டாவ நடுவுல கலந்து லோட் பண்ணிக் குடுத்தேன் (இந்த சோதனைய எல்லாரும் பண்ணிப் பாக்கணும்). டிரிகர் விழுந்து டிக்குன்னு சத்தம் மட்டும் வந்துச்சு, ஆனா வெடிக்காத ரைஃபிளோட நுனி நாலு விரல் கீழ எறங்குச்சு, கண்ணு இறுக்க மூடிருச்சு, வலது தோள் முன்னாடி பாஞ்சுது. அவரே பாத்துட்டு ஒரு நிமிஷம் பேசல. அதுக்கப்புறம் உதையே தெரியாத சின்னத் தோட்டா .22லயே பழகினார், மேக்னத்த ஒரு தடவைக்கு மூணு நாலு தோட்டாவோட நிறுத்திக்கிட்டார், அதுவும் பெஞ்சுல உக்காராம நின்னுக்கிட்டு, ஏன்னா பெஞ்சுல உடம்பு பின்னாடி போக வழியில்லாம முழு உதையும் தோள்லயே எறங்கும். இப்ப அவர் குறி பழையபடி ஆயிடுச்சு.

என்னோட கருத்து இதுதான், லேசான மேக்னம் வேணும்னா தாராளமா வாங்கலாம், ஆனா கண்ண மூடாம அத சுட முடியுதான்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும். அந்த ஒரு நொடி சுருக்கத்துல குண்டு நெஞ்சுக்குப் போகாம வயித்துக்குப் போகும், மிருகம் ராத்திரி பூரா எங்கயோ கெடந்து சாகும். உங்களுக்கு எப்படி இருந்துச்சு, எழுதுங்க.

———

அண்ணா, நல்ல விஷயம் எடுத்தீங்க. நான் உருவத்துல சின்னவ, எனக்கு உதைய விட பெரிய பிரச்சன ரைஃபிள் நிக்காததுதான். மலை ஆட்டுக்காக ஏறி மூச்சு வாங்கி இதயம் திக்குதிக்குன்னு அடிக்கும்போது குப்புறப் படுத்து ஸ்கோப்புல பாத்தா ஒவ்வொரு துடிப்புக்கும் குறுக்குக் கோடு ஆட்டோட முதுகுக்கு மேல ஏறி கால் வரைக்கும் எறங்குது, கனமான பேரல்னா அந்த எடையே ஓரளவுக்கு அசைவ அமுக்கி வைக்கும், பென்சில் மாதிரி மெல்லிசான பேரல்ல அந்த உதவி கெடையாது. காத்தும் லேசா தள்ளினா போதும். அதனால முதுகுப்பைய கழட்டி முன்னாடி வச்சு, பின்னாடி ஸ்டாக்குக்கு அடியில சுருட்டின ஜாக்கெட்ட சொருகி, மூச்சு அடங்குற வரைக்கும் டிரிகர் பக்கமே விரல கொண்டு போறதில்ல. ஆடு போயிடுச்சுன்னா போகட்டும்.

இன்னொன்னு, படுத்துக்கிட்டு செங்குத்தா மேல பாத்து சுடுறவங்க கவனமா இருங்க. அந்த நிலைல கண்ணு தன்னால ஸ்கோப்புக்கு கிட்ட வந்துடும், லேசான மேக்னம் பின்னாடி வர்ற வேகத்துல ஸ்கோப்போட விளிம்பு புருவத்த பிறை மாதிரி வெட்டிட்டுப் போகும். எங்க குழுவுல ஒருத்தருக்கு ஆச்சு, மலை உச்சில தையல் போட யாரு இருக்கா, துணிய அமுக்கிப் பிடிச்சிட்டே எறங்கி வந்தோம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் குறைஞ்சது மூணரை நாலு இஞ்ச் இடைவெளி குடுக்குற ஸ்கோப்பா பாத்து வாங்குங்க, வாங்கினதும் அத எவ்ளோ முன்னாடி தள்ளி மாட்ட முடியுமோ மாட்டுங்க.

சரிவுல சுடும்போது தூரக் கணக்கும் மாறும். 30 டிகிரி சரிவுல ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்குற கருவி) 400 மீட்டர்னு காட்டினா, குண்டு எறங்குற கணக்குக்கு 346 மீட்டர்தான் எடுத்துக்கணும். 400க்கு செட் பண்ணி சுட்டா குண்டு குறி வச்ச இடத்துக்கு மேல போயிடும்.

———

மசில் பிரேக் (உதைய குறைக்க பேரல் நுனில மாட்டுற, ஓட்டை போட்ட துண்டு) பத்தி யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன். போட்டா உதை பாதி அளவுக்குக் கூட குறையும், அதுல சந்தேகமே வேணாம், லேசான மேக்னத்தோட அத சேத்தே விக்கிறதுக்குக் காரணமும் அதுதான். ஆனா சத்தம் 160 டெசிபல தாண்டிப் போகும், 140ல இருந்தே ஒரே வெடில காது நிரந்தரமா பாதிக்கலாம். சுடுறவனுக்காவது எப்ப வெடிக்கும்னு தெரியும், பக்கத்துல பைனாகுலர்ல பாத்துட்டு படுத்திருக்குறவர்தான் பாவம், பிரேக்கோட ஓட்டைல இருந்து பக்கவாட்டுல வர்ற காத்து நேரா அவர் மூஞ்சிலதான் அடிக்கும். எங்களுக்கு வழி காட்டிட்டு வர்ற பெரியவர் ஒருத்தருக்கு இடது காது சுத்தமா கேக்காது, வருஷக்கணக்கா பிரேக் போட்ட ரைஃபிளுக்குப் பக்கத்துலயே படுத்த ஆளு. பேசும்போது நாம தன்னால அவரோட வலது பக்கம் போயி நிப்போம். அவர பாத்ததுல இருந்து நான் காதடைப்பான் இல்லாம சுடுறதே கெடையாது, கூட இருக்குறவங்க மாட்டிட்டாங்களான்னு திரும்பிப் பாத்துட்டுத்தான் சேஃப்டிய தள்ளுவேன்.

சட்டம் அனுமதிக்கிற இடமா இருந்தா சைலன்சர் நல்ல வழி, உதையும் குறையும் சத்தமும் குறையும். நுனில முந்நூறு நானூறு கிராம் கூடும், நீளமும் கூடும், அதுக்கேத்த மாதிரி சின்ன பேரல் போட்டுக்கலாம். மேக்னத்துல பேரல் ஒரு இஞ்ச் குறைஞ்சா வேகம் செகண்டுக்கு ஏழெட்டு மீட்டர் குறையும், அது பெரிய நஷ்டம் ஒண்ணும் கெடையாது.

———

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன் தப்பா எடுத்துக்காதீங்க. லேசாவும் வேணும் உதையும் கூடாதுன்னா மேக்னம் எதுக்கு? மலை ஆட்டு வேட்டைக்குப் பேர் போன அமெரிக்க வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் வாழ்நாள் பூரா புகழ்ந்தது .270 வின்செஸ்டர, 1925ல வந்த தோட்டா, மேக்னமே கெடையாது. 300 மீட்டர் வரைக்கும் .308க்கும் .300 மேக்னத்துக்கும் குண்டு எறங்குறதுல பெருசா வித்தியாசம் வராது, ரேஞ்ச்ஃபைண்டர் கையில இருக்குற காலத்துல அதுக்காக தோள கொடுமப்படுத்த வேணாங்குறதுதான் என் கட்சி.

———

தோழர் சொல்றது ஆட்டுக்கு சரி. எல்க்னு சொல்ற பெரிய மான் மாதிரி முந்நூறு கிலோ தாண்டுற மிருகம் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிக்கும்போது, காத்து குறுக்க அடிக்கும்போது, மேக்னத்தோட அருமை தெரியும். அதே தூரத்துக்கு குண்டு சீக்கிரம் போயி சேந்துடுறதால காத்து தள்ளுறதும் கம்மி, எலும்பு குறுக்க வந்தாலும் உள்ள போக பலம் இருக்கும்.

ஆனா அந்த பலம் கிட்டக்க இன்னும் அதிகமா இருக்கும்ங்கறத மறந்துடக் கூடாது. எதிர்பாக்காம ஒரு தடவ புதர் ஓரத்துல ஐம்பது மீட்டர்ல எல்க் வந்து நின்னுச்சு, கூட வந்தவர் சாதாரண ஈயக் குண்டு போட்டு சுட்டார். மிருகம் விழுந்துச்சு, ஆனா தோள் கறி மொத்தமும் ரத்தம் கட்டி கருப்பா கூழாயிடுச்சு, குண்டு சில்லு சில்லா ஒடஞ்சு எலும்புத் துணுக்கோட கலந்து கெடந்துச்சு, கத்திய வச்சு அறுத்து அறுத்து பாத்தும் அந்தப் பக்கத்துல எடுக்க ஒண்ணும் தேறல. ஒரு உயிர எடுத்துட்டு அதுல கால்வாசிய காட்டுல போட்டுட்டு வர எனக்கு மனசே வரல. முழுக்க செம்புல செஞ்ச குண்டு, இல்லன்னா உறையும் ஈயமும் ஒட்ட வச்ச பாண்டட் குண்டு, ரெண்டுல ஒண்ணுதான் நான் மேக்னத்துக்கு சிபாரிசு பண்ணுவேன்.

———

எல்லாரும் தோள பத்தியே பேசுறீங்க, ரைஃபிளும் அதே உதையத்தான் வாங்குது. ஒவ்வொரு வெடிக்கும் மேகசின்ல மிச்சம் இருக்குற தோட்டா முன்னாடி போயி பெட்டியோட சுவத்துல மோதும். ஈய நுனி குண்டுன்னா அடில இருக்குற தோட்டாவ வெளிய எடுத்துப் பாருங்க, நுனி தட்டையா நசுங்கி இருக்கும், சில நேரம் குண்டு தோட்டாவோட பித்தளைக் கூட்டுக்குள்ளயே கொஞ்சம் இறங்கி இருக்கும், அத சுடாம தனியா வச்சிடணும். ஸ்கோப் மவுண்ட் ஸ்குரூவும் தளரும். லேசான ரைஃபிள்ல மவுண்டும் லேசா போடுவாங்க, ஸ்குரூ சின்னது, அதனால டார்க் ரெஞ்ச் (எவ்ளோ இறுக்கமா முறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர்) வச்சு கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கி, ஸ்குரூ தலைல இருந்து மவுண்ட் மேல ஒரு பெயிண்ட் கோடு போட்டு வச்சுக்குங்க, கோடு விலகினா தளந்துடுச்சுன்னு பாத்ததும் தெரியும். குறி பாத்து சுடும்போதும் மூணு தோட்டாவுக்கு மேல தொடர்ந்து போகாதீங்க, மெல்லிசு பேரல் சூடானா குண்டு விழுற இடம் நகர ஆரம்பிக்கும், கைய வச்சா பொறுக்குற சூட்டுக்கு ஆறின பிறகுதான் அடுத்தது. வேட்டைல நமக்கு வேண்டியது ஆறின பேரல்ல இருந்து போற மொதல் குண்டு எங்க விழுதுங்கறதுதான், அத தனித்தனி நாள்ல ஒவ்வொண்ணா சுட்டு ஒரே அட்டைல குறிச்சு வச்சுக்குங்க.