புதுப்பிப்பு: இறுகிப்போன பழைய ஸ்க்ரூ ஸ்பேனர் மறுபடி சுழல்கிறது

தருமபுரி பழைய இரும்புக் கடையில் வாங்கிய 12 அங்குல ஸ்க்ரூ ஸ்பேனரில் தாடையை நகர்த்தும் திருகு உருளை துருவேறி அசையவே இல்லை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மண்ணெண்ணெயில் ஊறவைத்ததில் அழுக்கு மட்டும்தான் போனது. பலன் தந்தது ஓசூர் அண்ணன் சொன்ன வாஷிங் சோடா, பேட்டரி சார்ஜர் முறை, அதாவது சோடாத் தண்ணீரில் மின்சாரம் செலுத்தித் துருவை நீக்குவது. பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா. 12 வோல்ட் சார்ஜரின் மைனஸ் ஸ்பேனருக்கு, பிளஸ் ஒரு பழைய இரும்புக் கம்பிக்கு. தண்ணீருக்குள் இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கம்பிக்குப் பதில் எவர்சில்வர் வேண்டவே வேண்டாம், குரோமியம் நஞ்சு தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும். நம்ம ஊர் போர் தண்ணீரில் சோடா போட்டதும் வெள்ளையாகக் கலங்கும், தடையில்லை.

கம்பியைப் பார்த்த பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், அதனால் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். எடுத்ததும் கம்பி பிரஷ், உடனே துடைத்து எண்ணெய். தாமதித்தால் கண்ணெதிரே மறுபடி துரு பூக்கும்.

பிறகு உருளையைப் பிடித்திருக்கும் பக்கவாட்டு பின்னை, அதன் தலையில் உள்ள பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால் கழற்றினேன். உள்ளே ஸ்பிரிங் பொடியாகியிருந்தது. பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன், நன்றாகவே பிடிக்கிறது.

எதிர்பாராதது: துருவுக்கு அடியில் பாக்கோ, ஸ்வீடன் என்ற எழுத்துகள்! 1892இல் ஸ்வீடன் கண்டுபிடிப்பாளர் யோஹான்சன் காப்புரிமை பெற்ற ஸ்பேனரை விற்ற நிறுவனம் அது. கிரைண்டர் மெஷினால் துருவைத் தேய்த்திருந்தால் அந்த எழுத்து போயிருக்கும்.