மெஸ்ஸர்ஷ்மிட் 109: டேக்-ஆஃபில் இடப்பக்கம் இழுக்கிறது, என்ன செய்வது?

நீலவானம்:
வணக்கம் நண்பர்களே. கணினி சிமுலேட்டரில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-6 ஓட்டிப் பழகுகிறேன். த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டும் நெம்புகோல்) முழுவதும் தள்ளியதும் மூக்கு இடப்பக்கம் போகிறது. வலது பெடலை மிதித்தால் சிறிது நேரம் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு ஒரேயடியாக வலப்பக்கம் சுழன்று இறக்கை தரையில் உரசுகிறது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் இந்த அளவுக்குப் படுத்துவதில்லை. பெடலில் கோளாறா?

வால்சக்கரம்:
பெடல் சரியாகத்தான் இருக்கிறது. 1,475 குதிரைத்திறனை ஒரே மூச்சில் அவிழ்த்துவிடுகிறீர்கள். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். அதனால் மூக்கு இடப்பக்கம் போகும். வேகம் பிடிக்கும்வரை, பெடல் திருப்பும் வால் சுக்கானில் பிடிப்பே இராது. எடை மையமும் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தொடங்கிய திருப்பம் தானாகவே வளரும்.

கட்டுப்பாட்டுக் கோலை வயிற்றோடு இழுத்துப் பிடித்து வாலைத் தரையில் அழுத்துங்கள். வால்சக்கரப் பூட்டு இருந்தால் போட்டுவிடுங்கள். த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வாலை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். தூக்கும் கணத்தில் மூக்கு இன்னும் இடப்பக்கம் வெட்டும்.

கீழைக்காற்று:
சக்கர இடைவெளி குறுகியது என்பதே எல்லோரும் சொல்லும் காரணம். அது மட்டும் போதாது. ஸ்பிட்ஃபயருக்கு இடைவெளி இன்னும் குறைவு. 109-இன் சக்கரக் கால்கள் உடற்பகுதியிலேயே பொருத்தப்பட்டவை. இறக்கைகளைக் கழற்றினாலும் விமானம் சொந்தக் காலில் நிற்கும். பழுதுபார்ப்போருக்கும் ரயிலில் ஏற்றுவோருக்கும் அது பெரிய வசதி. ஆனால் கால்கள் வெளிப்புறம் சாய்ந்து விரிந்து நிற்க வேண்டியதாயிற்று; அதனால் ஓடுபாதையில் நேராகப் பிடிப்பது கடினம். அந்த வசதிக்கான விலையைக் கொடுத்தவர்கள் பயிற்சி முடியாத இளம் விமானிகள். எதிரி விமானத்தைக் கண்ணால்கூடக் காணாமல் ஓடுபாதையிலேயே உயிரைவிட்ட பையன்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியா இதே உடலில் யூமோ 211 எஞ்சினையும் அகலமான புரொப்பெல்லரையும் மாட்டி ஆவியா எஸ்-199 என்ற விமானத்தைச் செய்தது. இழுப்பு இன்னும் மோசம். செக் விமானிகள் அதைக் கோவேறு கழுதை என்றே அழைத்தார்கள். 1948-இல் இஸ்ரேல் வாங்கியதும் அதைத்தான்.

நீலவானம்:
மிக்க நன்றி. மெதுவாக ஏற்றியதும் நேராக ஓடுகிறது! இறங்கும்போதுதான் துள்ளுகிறது.

வால்சக்கரம்:
வேகம் அதிகமாக இருக்கும். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும்படி இறக்குங்கள். கடைசி நேரத்தில் இறக்கையின் முன்விளிம்புத் தகடுகள் தாமாகத் திறக்கும், பதறாதீர்கள். தரை தொட்ட பிறகும் கோலைத் தளர்த்த வேண்டாம். பிரேக்கை இலேசாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள்.