ஈய விஷத்துக்கு ஊசி போட்ட பசு: துத்தநாகம் எப்போது கொடுக்கலாம்?

வணக்கம். இங்கே கால்நடை மருத்துவர்களும் அனுபவப்பட்ட பண்ணையாளர்களும் இருப்பதால் கேட்கிறேன்.

மேய்ச்சலுக்குப் போன எங்கள் கறவைப் பசு, யாரோ வீசிப்போன உடைந்த லாரி பேட்டரியை நக்கிவிட்டது. பல்லை நறநறவென்று கடித்தது, கண் தெரியாமல் சுவரில் முட்டியது. ஈய விஷம் என்று சொல்லி, டாக்டர் கால்சியம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. என்ற ஈய முறிவு மருந்தை ஏற்றினார், கூடவே தயமின் (வைட்டமின் பி1). இப்போது தீவனம் எடுக்கிறது, பார்வையும் தேறுகிறது. இரண்டாவது சுற்று ஊசி பாக்கி இருக்கிறது.

இந்த ஈ.டி.டி.ஏ. ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும்; ஆனால் ஈயத்தோடு நிற்பதில்லை, உடம்பிலுள்ள துத்தநாகத்தையும் சிறுநீரில் இழுத்துப் போய்விடும். கால்சியம் சேர்ந்த உப்பு என்பதால் ரத்தக் கால்சியம் இறங்காது. (வெறும் சோடியம் உப்பு என்றால் ரத்தக் கால்சியம் இறங்கி, பால் காய்ச்சல் கண்ட மாடு போலப் படுத்துவிடும். வாங்குபவர்கள் லேபிளைப் பாருங்கள்.)

துத்தநாகம் கலந்த தாது உப்பை இப்போதே தொடங்கலாமா, ஊசி முழுதும் முடியட்டுமா? இடையில் கொடுத்தால் மருந்து அதைப் பிடித்துக்கொண்டு ஈயத்தை விட்டுவிடுமோ என்று பயம். எங்கள் டாக்டர் பொறுத்திருக்கச் சொல்கிறார்; பக்கத்துப் பண்ணைக்காரர் உடனே கொடு என்கிறார்.

அப்புறம், இந்த மருந்து சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தீர்கள்? பாலைக் கன்றுக்கும் கொடுக்காமல் கொட்டுகிறோம். பாலிலும் ரத்தத்திலும் ஈய அளவு பார்க்கும் ஆய்வகம் தெரிந்தால் சொல்லுங்கள்.