அதே 40 மீற்றர் வலை, பரப்பளவு மட்டும் ஏன் மாறுகிறது?

லிந்துலை அப்பா:
வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ், கரட் போடலாம் என்று, காட்டுப்பன்றிக்குப் பயந்து 40 மீற்றர் கம்பிவலை வாங்கி வைத்திருக்கிறேன். எப்படி அடைக்கலாம் என்று தரம் 7 படிக்கிற மகளைக் கணக்குப் போடச் சொன்னேன். 10க்கு 10 என்றால் 100 சதுர மீற்றர், 15க்கு 5 என்றால் 75, 18க்கு 2 என்றால் வெறும் 36. "சுற்றளவு ஒன்றுதானே அப்பா, மிச்ச இடம் எங்கே போகிறது?" என்கிறாள். பெருக்கினால் அப்படித்தான் வரும் என்று சொல்லி அனுப்ப மனமில்லை.

பண்டாரவளை டீச்சர்:
பிள்ளை நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். சதுரக்கோடு போட்ட கொப்பித் தாளில் 10க்கு 10 கட்டம் வெட்டிக் கொடுங்கள். மேலே ஒரு வரியை, அதாவது 10 கட்டத்தை, வெட்டி எடுத்துப் பக்கத்தில் நிறுத்தி ஒட்டட்டும். உயரம் இப்போது 9தானே, ஒரு கட்டம் ஒட்ட இடமில்லாமல் கையில் மிஞ்சும். அதுதான் 11க்கு 9, பரப்பளவு 99, சுற்றளவு அதே 40. இரண்டு வரி வெட்டினால் 4 கட்டம் மிஞ்சும், மூன்று வரிக்கு 9. மிஞ்சுவது எப்போதும் ஒரு குட்டிச் சதுரம். 15க்கு 5இல் மிஞ்சியது 5க்கு 5, அந்த 25 போகத்தான் 75. இதையே பிறகு இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்று படிப்பாள்.

பொகவந்தலாவைத் தம்பி:
டீச்சர் சொன்னது சரி. நாங்கள் இருந்த லயத்துக் காம்பரா 12க்கு 10 அடி, 120 சதுர அடி. அதே சுற்றளவில் 11க்கு 11 கட்டியிருந்தாலும் 121தான். சதுரத்துக்குக் கிட்ட இருக்கும்வரை பெரிய இழப்பில்லை, விலக விலகத்தான் இடத்தைத் தின்னும்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள் அண்ணே. தோட்டத்தில் வீடு கட்ட ஆளுக்கு 7 பேர்ச்சஸ் காணி கொடுத்தார்கள், பரப்பளவு ஒன்றுதான் என்றாலும் வேலி ஒரே அளவாக வராது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஏழுக்குக் கிட்டத்தட்ட 1,906. சதுரமாக இருந்தால் சுற்றி 175 அடி போதும், 20 அடி அகலத்தில் நீட்டமாகக் கிடைத்தால் நீளம் 95 அடியைத் தாண்டி, சுற்றி 230 அடிக்கு மேல் வரும். எங்கள் பெரியம்மாவுக்கு அப்படி நீட்டமாகத்தான் கிடைத்தது, பாதி வேலியில் கம்பி முடிந்து திரும்பவும் டவுனுக்குப் போனார்.

லிந்துலை அப்பா:
வெட்டி ஒட்டிப் பார்த்தோம், அந்த ஒற்றைக் கட்டத்தைப் பத்திரமாகக் கொப்பிக்குள் வைத்திருக்கிறாள். இப்போது அடுத்த கேள்வி: பின்னால் கல்லுக்கட்டு இருக்கிறது, அந்தப் பக்கம் வலை வேண்டாமே, அப்பவும் சதுரம்தானா?

பண்டாரவளை டீச்சர்:
இல்லை. மூன்று பக்கத்துக்கும் சமமாகப் பிரித்துச் சதுரமாக்கினால் 178 சதுர மீற்றர் கூட வராது. கல்லுக்கட்டுக்கு எதிர்ப்பக்கம் 20, இரண்டு ஓரமும் 10, 10 என்று விட்டால் 200 வரும். கல்லுக்கட்டை ஒரு கண்ணாடியாக நினைக்கச் சொல்லுங்கள், தோட்டமும் அதன் பிம்பமும் சேர்ந்தால் 20க்கு 20 சதுரம். ஒன்று, சரிவில் என்றால் நிலத்தோடு ஒட்டி நாடா பிடித்து அளங்கள், சேவையர் வரைந்த காணிப் படத்தில் இருப்பது கிடையாக எடுத்த நீளம், வேலி அதைவிட நீளும். அப்புறம் கல்லுக்கட்டு 20 மீற்றர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.