பேரிடர் மேலாண்மைக்குத் தனிப் பணிப்பிரிவு வேண்டுமா, தாசில்தாருக்குப் பயிற்சி போதுமா?

நெய்தல்:

நான் பேரிடர் மேலாண்மையில் முதுகலை முடித்தவள். ஒரு கலெக்டர் அலுவலகத்தில் தொகுப்பூதியத்தில் ஆலோசகராக இருந்தேன். ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு கடிதம்கூட இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் வடகிழக்குப் பருவமழை.

என் கதை இருக்கட்டும். நம் நாட்டில் இதற்குப் படிப்பு இல்லாமல் இல்லை. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் முதுகலை இருக்கிறது, இக்னோவில் முதுநிலை டிப்ளமா இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தில் தனி மையமே இருக்கிறது. படித்துவிட்டு வெளியே வருகிறவர் எங்கே போவது? தொண்டு நிறுவனம், இல்லாவிட்டால் ஏதாவது கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவு. அரசில் அவர் உட்கார நாற்காலி கிடையாது. வட்டாட்சியர் (பேரிடர் மேலாண்மை) என்று ஒரு பதவி உண்டு. நேற்று வரை நில எடுப்பு பார்த்தவர் அதில் வந்து உட்காருவார். தொழில் பிடிபடும் நேரத்தில் வேறு சீட்டுக்குப் போய்விடுவார்.

நான் கேட்பது இதுதான்: டி.என்.பி.எஸ்.சி. மூலம் தனிப் பணிப்பிரிவு. மாவட்டத்துக்கு ஒரு அலுவலர், ஓராண்டுப் பயிற்சி, மாநில ஆணையரகம் வரை பதவி உயர்வுக்கு வழி.

கொள்ளிடக்கரை:

மேடம், நான் துணை வட்டாட்சியர். டெல்டாக்காரன். உங்கள் கோரிக்கையை முழுதாக எதிர்க்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. அதற்கு முன்பே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்கு வந்துவிட்டார்கள். வரவழைத்தது யார்? வி.ஏ.ஓ.வும் தலையாரியும். எந்தக் குடிசையில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டுக்காரர் ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டேன் என்பார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். முதுகலையில் அந்தப் பாடம் கிடையாது.

இரண்டாவது, அதிகாரம். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் ஆணையத்தின் தலைவர் கலெக்டர். மதகைத் திறப்பது நீர்வளத் துறை. லாரியைக் கைப்பற்றி மணல் மூட்டை ஏற்றச் சொல்ல வருவாய்த் துறையால் முடியும். உங்கள் அலுவலர் நடு ராத்திரியில் எந்தக் கோப்பில் கையெழுத்துப் போடுவார்? இன்னொரு துறை, இன்னொரு ஜீப், இன்னொரு ஆய்வுக் கூட்டம். வேண்டாம் சாமி.

நெய்தல்:

கஜாவுக்கு முந்தைய இரவை நான் குறை சொல்லவே இல்லை சார். அது நல்ல வேலை. ஆனால் அடுத்த நாளிலிருந்து என்ன ஆனது? ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. தென்னை மொத்தமும் போனது. குடிநீருக்கு மோட்டார் ஓடவில்லை, மக்கள் சாலையை மறித்தார்கள். எந்த ஊருக்கு முதலில் ஜெனரேட்டர், சேதத்தை எப்படி ஒரே அளவுகோலில் கணக்கெடுப்பது, முகாமை எப்போது மூடுவது, இதெல்லாம் புயல் வரும் முன்பே உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வேலை. ஆளை வெளியேற்றுவது இதில் ஒரு பகுதிதான்.

நான் பார்த்த ஒரு மாவட்டப் பேரிடர்த் திட்டத்தில் பக்கத்து மாவட்டத்தின் ஆற்றுப் பெயர் அப்படியே இருந்தது. பழைய கோப்பை நகலெடுத்து, அட்டையில் மட்டும் மாவட்டப் பெயரை மாற்றியிருக்கிறார்கள். எழுதியவரைத் திட்டி என்ன பயன்? ஜமாபந்தி என்ற வருடாந்திர வருவாய்க் கணக்கு ஆய்வுக்கு நடுவே அவர் தலையில் கட்டிய வேலை அது.

டல்லாஸ்காரன்:

நான் டெக்சாஸில் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) அவசரகால மேலாண்மை அலுவலகத்தில் இருக்கிறேன். கொள்ளிடக்கரை அண்ணன் சொன்ன அதிகாரப் பிரச்சினைக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இங்கும் எங்களுக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது. டெக்சாஸ் சட்டப்படி அவசரகால மேலாண்மை இயக்குநர் என்பவர் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டித் தலைவர் அல்லது நகர மேயர். நாங்கள் ஒருங்கிணைப்பாளர்கள். ஆணை அவருடையது. அந்த ஆணையில் என்ன இருக்க வேண்டும், அதை யார் யார் செய்ய வேண்டும், செய்தார்களா என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. கலெக்டர் இருக்கும்போது நிபுணர் எதற்கு என்பது, மேயர் இருக்கும்போது பொறியாளர் எதற்கு என்பது மாதிரி.

இது இங்கே ஒரே நாளில் வந்ததும் இல்லை. ஒரு காலத்தில் இந்த வேலையில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ராணுவத்தினரும் தீயணைப்புக்காரர்களும்தான். 1983-இல் வட டெக்சாஸ் பல்கலைக்கழகம் இதற்கென்று இளங்கலைப் பட்டம் தொடங்கியது. மேரிலாந்தின் எம்மிட்ஸ்பர்க்கில், மத்திய அரசின் அவசரகால மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அவசரகால மேலாளர்களுக்கு சி.இ.எம். என்று ஒரு சான்றிதழ் உண்டு. தேர்வு மட்டும் எழுதி வாங்கிவிட முடியாது. பணி அனுபவமும் பயிற்சி மணிநேரங்களும் காட்ட வேண்டும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் 2005-இல் கத்ரினா புயல் வந்தபோது ஃபீமாவின் தலைவராக இருந்தவர் மைக்கேல் பிரவுன். ஃபீமாவுக்கு வருமுன் அரேபியக் குதிரைச் சங்கத்தில் ஆணையராக இருந்தவர். நியூ ஆர்லியன்ஸ் மூழ்கிய பிறகு, 2006-இல் சட்டத்தையே திருத்தி, ஃபீமா தலைவருக்கு அவசரகால மேலாண்மையில் நிரூபித்த அறிவும் திறனும் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள்.

கொள்ளிடக்கரை:

தம்பி, நீங்கள் சொல்வதிலேயே என் வாதம் இருக்கிறது. பட்டப்படிப்பு வந்து 22 வருடம் கழித்துத்தானே கத்ரினா?

டல்லாஸ்காரன்:

பட்டம் இருந்தது, மேலே உட்கார வைத்தவர்கள் அதைக் கேட்கவில்லை. 2009-இல் ஃபீமா தலைவராக வந்த கிரெய்க் ஃபுகேட்டைப் பாருங்கள். தன்னார்வத் தீயணைப்பு வீரர், பாராமெடிக், கவுண்டி அவசரகால மேலாளர், புளோரிடா மாநிலத் தலைவர், அப்புறம் ஃபீமா. படி படியாக ஏறினார். ஏறுவதற்குப் படிகள் இருந்தன என்பதுதான் விஷயம். படிப்பா அனுபவமா என்று இங்கேயும் அடித்துக்கொள்கிறார்கள், ஆனால் அந்தப் படிகள் வேண்டாம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கொள்ளிடக்கரை:

சரி, அமெரிக்கா அங்கேயே இருக்கட்டும். ஒடிசாவைப் பாருங்கள். 1999 சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013-இல் ஃபைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் அளவுக்கு வெளியேற்றினார்கள், சாவு ஐம்பதுக்குள் நின்றது. அங்கே பேரிடர் ஆணையத்தை நடத்துவது ஐ.ஏ.எஸ்.காரர்கள், கீழே பஞ்சாயத்துகளும் தன்னார்வலர்களும். பட்டதாரிப் பணிப்பிரிவு வைத்து அவர்கள் சாதிக்கவில்லை.

நம் ஊரிலேயே ராதாகிருஷ்ணன் சார் இல்லையா? 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தின்போது தஞ்சாவூர் கலெக்டர். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்த மாவட்டம் அது. அங்கே அவர் செய்த மறுவாழ்வு வேலையை இன்றும் பேசுகிறார்கள். எந்தச் சான்றிதழ் வைத்துக்கொண்டு செய்தார்?

நெய்தல்:

அவர் திறமைசாலி என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 94 குழந்தைகள் கருகிய ஒரு விபத்திலும் ஒரு சுனாமியிலும் கற்றுக்கொண்டது அடுத்த கலெக்டருக்கு எப்படிப் போய்ச் சேரும்? அவர் பிறகு ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தில் (யு.என்.டி.பி.) பேரிடர் வேலை பார்த்தார், அப்புறம் சுகாதாரத் துறைக்குப் போனார். ஐ.ஏ.எஸ். என்றால் அப்படித்தான் போக வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அப்படி ஒருவர் அமைவார் என்று நம்பிக்கொண்டு இருக்க முடியுமா?

ஒடிசாவில் புயல் போன கையோடு, அதே 1999-இல், தனி அமைப்பை உருவாக்கினார்கள். கால் நூற்றாண்டாக அது கலையாமல் இருக்கிறது. தலைவர் மாறினாலும் அலுவலகத்தின் ஞாபகம் மாறவில்லை. நான் கேட்பதும் அந்த ஞாபகத்தைத்தான், அதை மாவட்ட அளவுக்குக் கேட்கிறேன்.

ஏரல்:

மூன்று பேரும் கலெக்டர் ஆபீஸ் மாடியிலேயே நிற்கிறீர்கள். கொஞ்சம் இறங்கி வாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. குளங்கள் உடைந்தன, எங்கள் ஏரல் ஆற்றுப் பாலம் அறுத்துக்கொண்டு போனது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. பேரிடர் உதவி எண் 1077-க்குக் கூப்பிடச் சொல்கிறார்கள், செல்போன் டவரே இல்லை. அந்த இரண்டு நாளில் எங்களைத் தூக்கிவிட்டவர்கள் பக்கத்துத் தெருப் பையன்களும் படகோடு வந்த மீனவர்களும். ரயில் பயணிகளுக்குச் சோறு போட்டதும் பக்கத்து ஊர்க்காரர்கள்.

பயிற்சியை அவர்களுக்குக் கொடுங்கள். மத்திய அரசின் ஆப்த மித்ரா திட்டத்தில் நாடு முழுக்க ஒரு லட்சம் தன்னார்வலர்கள், 12 நாள் பயிற்சி என்றார்கள். எங்கள் பக்கத்தில் பயிற்சி எடுத்த ஒரு பையன் இப்போது திருப்பூரில் வேலை செய்கிறான். கிட் பை பரண்மேல் இருக்கிறது.

நெய்தல்:

ஏரல் அண்ணே, அந்தப் பையன் திருப்பூருக்குப் போனது எந்த ஆபீஸில் யாருக்குத் தெரியும்? அவனுக்குப் பதில் இன்னொருவரைச் சேர்த்து, ஆண்டுதோறும் மறுபயிற்சி கொடுத்து, படகு வைத்திருப்பவர்களின் பட்டியலை ஒவ்வொரு செப்டம்பரிலும் சரிபார்ப்பது யார் வேலை? இப்போது யார் வேலையும் இல்லை. ஆள் போடச் சொல்வது அதற்குத்தான்.

கொள்ளிடக்கரை:

ஏரல் சொல்வது நியாயம். பயிற்சி நடக்கிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் நிகழ்வு எதிர்வினை முறைமை என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. கலிபோர்னியாக் காட்டுத்தீக்காரர்கள் எழுபதுகளில் உருவாக்கிய முறையை நமக்குப் பொருத்தியது. யார் தளவாடம், யார் திட்டமிடல், யார் களம் என்று முன்கூட்டியே பெயர் போட்டு வைப்பது. நல்ல முறைதான். எனக்கும் வகுப்பு எடுத்தார்கள். பவர்பாயிண்ட், சாம்பார் சாதம், சான்றிதழ், குரூப் போட்டோ. எனக்கு ஒதுக்கிய பொறுப்பை நான் ஒருநாளும் செய்து பார்க்கவில்லை. அதற்குள் மாறுதல்.

ஆகவே அந்த சீட்டில் இருப்பவரை ஐந்து ஆண்டுக்கு மாற்றக் கூடாது என்று ஆணை போடச் சொல்லுங்கள். புதுப் பணிப்பிரிவு வேண்டாம். மாவட்டம் 38. அத்தனை பேருக்காக ஒரு பிரிவு தொடங்கினால் சேர்ந்த பதவியிலேயே ஓய்வு பெறுவார்கள். அதைவிடப் பாவம் இல்லை.

நெய்தல்:

38 என்று ஏன் நிறுத்துகிறீர்கள்? 2025 திருத்தச் சட்டம் மாநகராட்சி உள்ள நகரங்களுக்குத் தனிப் பேரிடர் ஆணையம் அமைக்க வழி செய்திருக்கிறது. நம்மிடம் 25 மாநகராட்சிகள். மின்வாரியம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், துறைமுகங்கள், சிப்காட் வளாகங்கள் எல்லாவற்றுக்கும் ஆள் தேவை. பதவி உயர்வுக்கு இடம் தானாக வரும்.

ஐந்து ஆண்டு மாறுதல் தடைக்கு உங்கள் சங்கம் ஒத்துக்கொள்ளுமா சார்?

கொள்ளிடக்கரை:

ஒத்துக்கொள்ளாது. அந்த சீட்டில் யாரும் விரும்பி உட்காருவதில்லை, ஐந்து வருடம் என்றால் கொடி பிடிப்பார்கள்.

அப்படியென்றால் ஒன்று செய்யுங்கள். பணிப்பிரிவு வந்தே தீரும் என்றால், பாதி இடம் வருவாய்த் துறையிலிருந்து பணிமாறுதல் மூலம். மீதிக்கு நேரடித் தேர்வு நடத்துங்கள். நேரடியாக வருகிறவர் முதல் ஆறு மாதம் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் உட்கார வேண்டும், அதிலும் ஒரு மழைக்காலம் முழுதாக.

நெய்தல்:

ஆறு மாதத்துக்கு முழு சம்மதம். பாதி இடம் அதிகம், மூன்றில் ஒன்று.

கொள்ளிடக்கரை:

பாதிக்குக் குறைந்தால் சங்கத்தில் வாயே திறக்க முடியாது மேடம்.

ஏரல்:

படகுப் பட்டியல் யார் எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செப்டம்பர் வரப்போகிறது.